ஃபோஸ்ஸேயின் மௌனமும் குடியானவர் மொழியும்



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்தத் தோழர் இருந்த காலத்தில், எந்த நூலைப் பற்றி யார் பேசினாலும் கடைசி வரிசையிலிருந்து எழுந்து ஒரே கேள்வியைக் கேட்பார்: "சரி தோழர், இதை வச்சு நம்ம ஜனங்க என்ன பண்றது?" சிலர் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு கோபித்திருக்கிறார்கள். அவர் கிண்டல் செய்ததே இல்லை. பதில் சொல்லும்வரை உட்காரவும் மாட்டார். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட எழுத்தாளர் யோன் ஃபோஸ்ஸே. நார்வே நாட்டின் நாடகாசிரியர், நாவலாசிரியர், 2023-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். தன் எழுத்துக்கும் அரசியலுக்கும் தொடர்பு தேடாதீர்கள் என்று ஒதுங்கி நிற்கும் மனிதர். அவரைக் கொண்டுவந்து இந்த மேடையில் வைத்தால் தோழரின் கேள்வி எனக்குக் காதில் விழாமல் இருக்காது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

ஃபோஸ்ஸே 1959-இல் நார்வேயின் மேற்குக் கரையில் ஹவுகேசுண்ட் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது ஸ்ட்ராண்டபார்ம். ஹார்டாங்கர் என்னும் நீண்ட கடற்கழியின் ஓரத்தில் இருக்கும் சிற்றூர். மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்கும் இடம். இடையில் கிடைக்கும் கொஞ்சம் நிலத்தில் பழமரங்கள், ஆடுகள், கரையில் படகுக் கொட்டகைகள். அப்பா உள்ளூர்க் கடையை நடத்தினார். ஏழு வயதில் பையன் கையில் பாட்டிலோடு பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தான். கண்ணாடி மணிக்கட்டைக் கிழித்தது. ரத்தம் போய்ச் சாகும் நிலை. மருத்துவரிடம் கொண்டுபோகும்போது, இனி இதைப் பார்க்கப்போவதில்லை என்ற எண்ணத்தோடு தன் வீட்டைத் தூரத்திலிருந்து பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். தன்னையே வெளியில் நின்று பார்த்த அந்தக் கணம்தான் தன்னை எழுத்தாளனாக்கியது என்பது அவர் எண்ணம். விமர்சகர்கள் எல்லோரும் இந்தச் சம்பவத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று.

2023 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் அவர் ஆற்றிய நோபல் உரை அதிலிருந்துதான் தொடங்குகிறது. பள்ளியில் ஆசிரியர் ஒருநாள் எழுந்து வாசிக்கச் சொல்கிறார். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு பயம் வந்து பையனைக் கவ்வுகிறது. அவன் பயத்துக்குள் காணாமல் போகிறான். எழுந்து வகுப்பைவிட்டு ஓடுகிறான். ஆசிரியரும் மாணவர்களும் வியந்து பார்க்கிறார்கள். திரும்பி வந்து, கழிப்பறைக்குப் போனேன் என்று சமாளிக்கிறான். அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் அந்தப் பயம் போகவில்லை. என்னை வாசிக்கச் சொல்லாதீர்கள் என்று ஆசிரியர்களிடம் தனியாகப் போய்க் கேட்டுக்கொள்வானாம். சிலர் நம்பினார்கள், சிலர் விளையாடுகிறான் என்று நினைத்தார்கள். பயம் தன் மொழியைப் பறித்துக்கொண்டது, அதைத் தான் திரும்ப எடுத்தாக வேண்டியிருந்தது, எழுதத் தொடங்கியது அதற்காகத்தான் என்கிறார்.

இந்த அரங்கில் இதைப் படித்ததும் சிரித்து நகர்ந்துவிட யாராலும் முடியாது. ஏழாம் வகுப்பில் என்னை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். எங்கள் தெருவில் பேசும் பேச்சு என் வாயில் வந்தது. வகுப்பு சிரித்தது, ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். அந்த ஆண்டு முழுக்க நான் வாய் திறக்கவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் பேசினால் ஏமாற்று வேலையாகிவிடும். அவருடைய பயம் எங்கிருந்தோ வந்தது. என்னுடையது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அந்த வகுப்பில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

இனி அவர் எழுதும் மொழிக்கு வருகிறேன். ஃபோஸ்ஸேயைப் புகழ்ந்து வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வரியில் தாண்டிப்போகும் இடம் இது. எனக்கோ விஷயமே இதில்தான் இருக்கிறது.

நார்வே மொழிக்கு எழுத்து வடிவம் இரண்டு. ஒன்று பூக்மோல், மற்றது நீநொர்ஸ்க். நார்வே பல நூற்றாண்டுகள் டென்மார்க் அரசின் கீழ் கிடந்தது. 1814 வரை ஆட்சி மொழி, தேவாலய மொழி, புத்தக மொழி எல்லாம் டேனிஷ். நகரத்து அதிகாரிகளும் பாதிரிமாரும் வணிகர்களும் அந்த டேனிஷையே நார்வே உச்சரிப்பில் பேசினார்கள். அதிலிருந்து மெல்ல மெல்லத் திருந்தி வந்ததுதான் பூக்மோல். பெயரின் பொருளே புத்தக மொழி. மலைக்கழிகளிலும் பள்ளத்தாக்குகளிலும் இருந்த உழவர்களும் மீனவர்களும் தங்கள் பழைய பேச்சையே பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு எழுத்து கிடையாது, மரியாதையும் கிடையாது.

ஈவார் ஓசென் என்று ஒருவர். 1813-இல் பிறந்தவர், சிறு உழவரின் மகன். அம்மா அப்பா இருவரையும் சிறுவயதிலேயே இழந்தவர். பல்கலைக்கழக வாசலை மிதிக்காமல் தானாகவே படித்தார். 1842-இல் கிளம்பி நான்கு ஆண்டுகள் ஊர் ஊராகப் போனார். குடிசையில், அடுப்படியில், மாட்டுத் தொழுவத்தில் மக்கள் பேசுவதைக் கேட்டுச் சொற்களைக் குறித்தார். 1848-இல் இலக்கணம், 1850-இல் அகராதி. மக்கள் பேச்சு என்பது தாறுமாறாகச் சிதைந்த டேனிஷ் அல்ல, ஒழுங்கும் வரலாறும் உள்ள தனி மொழி என்று அவர் நிறுவினார். வட்டார வழக்குகளையெல்லாம் அடியில் இணைக்கும் ஒரு பொது எழுத்து மொழியையும் உருவாக்கிக் கொடுத்தார். அதுதான் பிற்காலத்தில் நீநொர்ஸ்க் என்று பெயர் பெற்றது. 1885-இல் நார்வே நாடாளுமன்றம் இரண்டு மொழிக்கும் சம தகுதி என்று தீர்மானம் போட்டது.

சட்டம் சமம் என்றது. சமூகம் என்ன சொன்னது என்பதற்கு ஒரு காட்சி. நீநொர்ஸ்க் மொழியில் மட்டும் நாடகம் போட என்றே ஓர் அரங்கு தொடங்கினார்கள். 1913-இல் அது தலைநகரில் மேடை ஏறியபோது, நகரத்து இளைஞர்கள் சீழ்க்கையடித்தும் கூச்சலிட்டும் கலாட்டா செய்தார்கள். மாட்டுச்சாண வாடை அடிக்கும் பேச்சு மேடையில் எதற்கு என்பதுதான் அதன் சாரம். இன்றும் நார்வேயில் நீநொர்ஸ்க்கைத் தன் எழுத்து மொழியாகக் கொண்டவர்கள் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பூக்மோல் பிள்ளைகள் அதைக் கட்டாயப் பாடமாகப் படித்து முணுமுணுக்கிறார்கள். நார்வேக்கு இலக்கிய நோபல் முன்பு மூன்று முறை வந்திருக்கிறது: பியோர்ன்சன், ஹாம்சுன், உண்ட்செட். நீநொர்ஸ்க் மொழியில் எழுதி அதைப் பெற்ற முதல் ஆள் ஃபோஸ்ஸே. ஓசென் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பி 181 ஆண்டுகள் கழித்து!

இந்த இடத்தில் நமக்கு உற்சாகம் பொங்கும். பேச்சு மொழி, ஒதுக்கப்பட்ட மொழி, கடைசியில் வென்றது. நம் கதைதானே என்று கைதட்டத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

நீநொர்ஸ்க் யாருடைய மொழி என்று கேட்டால் தமிழில் 'குடியானவர் மொழி' என்றுதான் சொல்ல வேண்டும். ஊரில் குடியானத் தெரு எது, அங்கே யார் இருப்பார்கள் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நார்வேயிலும் ஓசென் காலத்து உழவர் என்றால் நிலம் வைத்திருந்தவர். அவருக்குக் கீழே, அவர் நிலத்தின் மூலையில் குடிசை போட்டுக்கொண்டு அதற்கு ஈடாக உழைத்துக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் கீழே, கணக்கிலேயே வராதவர்களாக, வடக்கில் ஸாமி மக்கள். பெயரைக் கேட்டுவிட்டு நம் ஊர்ச் சாமி என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் கலைமான் மேய்த்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த பழங்குடியினர்.

மூன்று ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள். 1885: உழவர் மொழிக்குச் சம தகுதி. 1898: ஸாமி மொழி பேசும் பகுதிப் பள்ளிகளில் நார்வே மொழியிலேயே கற்பிக்க வேண்டும், ஸாமி மொழியைத் தவிர்க்க முடியாத இடத்தில் துணையாக மட்டும் பயன்படுத்தலாம் என்று அரசு ஆணை. 1902: வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கில் அரசு நிலத்தை வாங்க வேண்டுமானால் நார்வே மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம். ஒரே அரசு, இருபதே ஆண்டுகள். ஒரு மொழிக்கு நாற்காலி போட்ட கையால் இன்னொரு மொழிக்காரனின் காலடி நிலத்தை இழுத்தார்கள். அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்றாரே, அதைப் புரிந்துகொண்டவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. மேலே இருப்பவனோடு சமமாவதற்குக் குரல் கொடுக்கிறவன், கீழே இருப்பவனுக்காகவும் குரல் கொடுத்துவிடுவான் என்று எந்த நிச்சயமும் இல்லை.

ஸாமி உள்ளிட்ட சிறுபான்மையினர் மீது நடத்தப்பட்ட இந்த 'நார்வேமயமாக்கல்' பற்றி நாடாளுமன்றம் அமைத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன் அறிக்கையை 2023 ஜூன் மாதம் கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஃபோஸ்ஸேக்கு நோபல். 2024 நவம்பரில் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. ஃபோஸ்ஸேயைப் படிக்கும்போது இந்தத் தேதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. மேல்கரைச் சிற்றூரின் மொழி அவர் பிறந்த மொழி, அதில் எழுதினார். அது நேர்மையான காரியம். அதை நம்முடைய கதையாக மாற்றிக்கொள்வதுதான் நேர்மையற்றது.

அப்படியானால் அவரிடம் நாம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? நூல்களுக்குள் போவோம்.

1983-இல் முதல் நாவல். தொடக்க நூல்களுக்கு மோசமான மதிப்புரைகள்தான் வந்தன. விமர்சகர்கள் சொல்வதைக் கேட்பதில்லை, என் வழியில் போகிறேன் என்று முடிவெடுத்ததாகச் சொல்கிறார். பெர்கன் நகரில் எழுத்துக்கலைப் பள்ளியில் பாடம் நடத்தினார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கார்ல் ஊவெ க்னௌஸ்கோர் அங்கே இவருடைய மாணவர். நாடகத்துக்கு வந்தது பணமுடையால். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாடகத்தின் ஆரம்பத்தை மட்டும் எழுதித் தரச் சொன்னார்கள். இவர் முழு நாடகத்தையும் எழுதிவிட்டார். 'யாரோ வரப்போகிறார்கள்' என்று அதற்குப் பெயர். ஓர் ஆணும் பெண்ணும் உலகத்தைவிட்டு ஒதுங்கி வாழக் கடலோரம் ஒரு பழைய வீட்டை வாங்குகிறார்கள். வந்து நின்ற கணத்திலிருந்தே யாராவது வந்துவிடுவார்கள் என்ற பயம். வீட்டை விற்றவனே வருகிறான். கதை இவ்வளவே. 1996-இல் இது மேடையேறியது, முன்பு சீழ்க்கையடிபட்டதே, அதே நீநொர்ஸ்க் அரங்கில். 1999-இல் பாரிஸ் அருகே நாந்தேரில் க்ளோத் ரெஜி இயக்கினார். அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் போயிற்று. இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் அவர் எழுத்து இருக்கிறது.

பாத்திரங்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. அவன், அவள், பையன், பெண். சொன்னதையே திரும்பச் சொல்வார்கள், பாதியில் நிறுத்துவார்கள். தன் நாடகங்களில் மிக அதிகமாக வரும் சொல்லும் மிக முக்கியமான சொல்லும் 'இடைநிறுத்தம்' என்பதுதான் என்று நோபல் உரையில் அவரே சொல்கிறார். இதைப் பலர் ஆன்மிக மௌனம் என்று ஆராதிக்கிறார்கள். 2012-13 அளவில் குடியை விட்டுவிட்டுக் கத்தோலிக்கராக மாறிய பிறகு இந்த ஆராதனை இன்னும் கூடிவிட்டது. எனக்கு அந்த மௌனம் ஹார்டாங்கர் அடுப்படியில் கேட்கிறது. 'பெயர்' என்ற நாடகத்தில் நிறைமாதப் பெண் ஒருத்தி, குழந்தைக்கு அப்பாவான பையனோடு தன் பெற்றோர் வீட்டுக்கு வந்து சேர்கிறாள். யாரும் கத்தவில்லை, வெளியே போ என்று சொல்லவில்லை. அவனைச் சரியாகக் கண்டுகொள்ளவே இல்லை. அவன் ஒரு மூலையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறான். வீட்டுக்குள் விட்டுவிட்டு, உட்காரவும் இடம் கொடுத்துவிட்டு, ஆள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் இருப்பது. இந்த வித்தை எத்தனை வீடுகளில் நமக்கு நடந்திருக்கிறது!

நாவல்களில் நான் உங்களைப் படிக்கச் சொல்வது இரண்டு. முதலாவது 'மெலங்கோலியா', 1995-இலும் 96-இலும் இரண்டு பாகங்களாக வந்தது. லார்ஸ் ஹெர்ட்டர்விக் என்ற உண்மையான ஓவியரின் கதை. 1830-இல் பிறந்தவர், மேல்கரைத் தீவு ஒன்றின் ஏழைக் குவேக்கர் குடும்பம். புரவலர் உதவியோடு ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃபுக்குப் போய் ஹான்ஸ் கூடெ என்ற பெரிய ஓவியரிடம் படித்தார். அங்கே மனம் குலைந்தது. ஊர் திரும்பினார், 1856-இல் கௌஸ்டா மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிறகு ஸ்டவாங்கரில் ஏழைகளுக்கான உதவியில், ஊராரின் பார்வையில் பைத்தியக்காரனாக, 1902-இல் சாகும்வரை வாழ்ந்தார். கித்தான் வாங்கக் காசு இல்லை. கிடைத்த துண்டுக் காகிதங்கள், புகையிலை சுற்றிவந்த காகிதங்கள், அவற்றைப் பசை போட்டு ஒட்டி, அதில் ஒளி வழியும் மேகங்களையும் கழிகளையும் வரைந்தார். 1914-இல் தலைநகரில் நடந்த பெரிய கண்காட்சியில்தான் நாடு அவரைக் கண்டது. அப்போது அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டு.

ஃபோஸ்ஸே இந்த வாழ்க்கையை வரலாறாகச் சொல்லவில்லை. டுஸ்ஸல்டார்ஃபில் ஒரு நாள். ஹெர்ட்டர்விக் கட்டிலில் கிடக்கிறார். ஆசிரியர் தன் ஓவியத்தைப் பார்க்க வருகிறார். எழுந்து போக முடியவில்லை. உன்னால் வரைய முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். மற்றவர்களுக்கு வரையத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிக்கொள்கிறார். வீட்டுக்காரியின் மகள்மேல் காதல். அதனால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள். சக ஓவியர்கள் மதுக்கடையில் அவரை நடுவில் வைத்துக் கேலி செய்கிறார்கள். ஏழை வீட்டிலிருந்து உதவித்தொகையில் பெரிய நிறுவனத்துக்குப் போன ஒருவன், தன் திறமையை அறிந்தே இருந்தும், பார்க்க வருகிறவர்களின் கண்ணை எண்ணிக் கட்டிலைவிட்டு எழ முடியாமல் கிடப்பது. மாணவர்களே, இதற்குமேல் நான் விளக்கப்போவதில்லை. நம் பிள்ளைகளில் எழாமலே போனவர்களை உங்களுக்குத் தெரியும். அப்படிக் கிடப்பவனின் தலைக்குள் என்ன ஓடும் என்பதை ஒரு வரி அறிவுரை சொல்லாமல், ஒரு சொல் இரக்கம் காட்டாமல் முந்நூறு பக்கத்துக்கு மேல் உடனிருந்து எழுதிய இன்னொரு நூல் எனக்குத் தெரியாது. தன் எழுத்து உயிரைக் காப்பாற்றியதாகச் சிலர் தன்னிடம் சொன்னதைவிடப் பெரிய பரிசு எதுவும் இல்லை என்று அவர் கூறியதை இந்த நூலைப் படித்த பிறகுதான் நான் நம்பினேன்.

இரண்டாவது, 'முத்தொகை' என்று சொல்லப்படும் மூன்று குறுநாவல்கள். 2007-இலிருந்து 2014 வரை வெளிவந்தவை. 2015-இல் நார்டிக் மன்றப் பரிசு பெற்றவை. ஆஸ்லே, ஆலிடா என்று இருவர், ஏறக்குறையச் சிறு பிள்ளைகள். அவன் பிடில் வாசிக்கிறவனின் மகன். அப்பா கடலில் போய்விட்டார். இருவரும் ஒரு படகுக் கொட்டகையில் குடியிருக்கிறார்கள். சொந்தக்காரன் கொட்டகை வேண்டும் என்கிறான். அவள் நிறைமாதம், இருவருக்கும் மணமாகவில்லை. படகேறிப் பட்டணத்துக்கு வருகிறார்கள். இலையுதிர் காலத்தின் கடைசி, மழை, இருட்டு, குளிர். கதவு கதவாகத் தட்டுகிறார்கள். இடமில்லை, இடமில்லை. கடைசியில் ஒரு கிழவியின் வீட்டுக்குள் போகிறார்கள். அந்தக் கிழவி என்ன ஆனாள் என்பதைக் கதை அங்கே சொல்வதில்லை. அடுத்த பாகத்தில் அவர்கள் பெயரை மாற்றிக்கொண்டு வேறிடத்தில் இருக்கிறார்கள். பழைய பெயரைத் தெரிந்த ஒரு கிழவன் வழியில் எதிர்ப்படுகிறான். ஆஸ்லேயைத் தூக்கிலிடுகிறார்கள்.

இந்த நூலை மரியாளும் யோசேப்பும் இடம் தேடிய கதையின் மறுவடிவம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பைபிள் கதையில் யோசேப்பு யாரையும் கொல்லவில்லை. ஃபோஸ்ஸே தன் ஏழையைப் புனிதனாக்கவில்லை. இடம் மறுக்கப்பட்டவன் நல்லவனாக இருந்தால்தான் நமக்கு இரங்கத் தெரியும் என்ற வசதியை வாசகனிடமிருந்து பிடுங்கிவிடுகிறார். தலித் பாத்திரம் என்றால் பாவமாகவோ போராளியாகவோ மட்டும் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் பொது வாசகரைப் பார்த்துச் சலித்துப்போன நம் எழுத்தாளர்களுக்கு இதில் கற்க இருக்கிறது.

அதே சமயம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கதவைத் திறக்காத ஊருக்கு ஃபோஸ்ஸேயிடம் பெயர் இல்லை. 2019-இலிருந்து 2021 வரை வந்த 'செப்டாலஜி' என்ற பெரும் நாவலில் முற்றுப்புள்ளியே கிடையாது. ஒரே நீளும் மூச்சு. அதில் தனிமையும் மரணமும் கடவுளும் இருக்கிற அளவுக்கு, யார் கையில் சாவி இருக்கிறது என்ற கேள்வி இல்லை. அவருக்கு மறுப்பு என்பது வானிலைபோல வருகிறது. நமக்கு அது ஆள்போல வருகிறது. பெயரும் சாதியும் நாற்காலியும் உள்ள ஆள். இந்த வேறுபாட்டை நாம் எழுத்தில் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. அவரிடம் இடைநிறுத்தத்தைக் கற்றுக்கொள்ளலாம். கதவுக்குப் பின்னால் இருப்பவனின் பெயரை நாமே எழுதிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். நான் இவரைப் படித்தது ஆங்கிலத்தில். அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் டேமியன் செர்ல்ஸ் இவருடைய நாவலை முதலில் ஜெர்மனில் படித்துவிட்டு, மூலத்திலிருந்து மொழிபெயர்ப்பதற்காகவே அந்த மொழியைக் கற்றார். அவரால் முடிந்தவரை செய்திருக்கிறார். ஆனாலும் நீநொர்ஸ்க்குக்கும் பூக்மோலுக்கும் உள்ள உரசல் ஆங்கிலத்தில் காணாமல் போய்விடுகிறது. எல்லாம் ஒரே நல்ல ஆங்கிலமாக வருகிறது. தமிழில் அந்த உரசலைக் கொண்டுவர முடியுமா என்று பார்க்கச் சென்ற மாதம் மாணவர் இருவரோடு உட்கார்ந்து, ஆலிடா கதவு தட்டும் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தோம். ஒருவர் பாடப்புத்தகத் தமிழில் செய்தார். படிக்க அழகாக இருந்தது, மழை மட்டும் நனைக்கவில்லை. இன்னொருவர் தன் சேரிப் பேச்சில் செய்தார். தட்டுகிற இருவரும் உயிரோடு வந்து நின்றார்கள். அடுத்து, கதவைத் திறந்து இடமில்லை என்று சொல்கிறவளுக்கு எந்தத் தமிழ் என்ற கேள்வி வந்தது. மூலத்தில் இரு பக்கமும் பேசுவது ஒரே மொழி. அதே பேச்சைக் கொடுத்தால், பக்கத்து வீட்டுக்காரியே விரட்டியதாகிறது. குடியானத் தெருப் பேச்சைக் கொடுத்தால், மூலத்தில் இல்லாத சாதி உள்ளே வந்துவிடுகிறது. சேரிப் பேச்சில் செய்த தம்பி அதைத்தான் விரும்பினான். "வரட்டுமே அண்ணே, அவ பேசுனா எனக்கு அப்படித்தான் கேக்குது" என்றான். மற்றவர் அது மூலத்துக்குத் துரோகம் என்றார். இரவு பதினொன்று வரை சண்டை. அந்தப் பக்கத்தின் இரண்டு பிரதிகளும் என் பையில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் வெளியே மேசைமேல் வைக்கிறேன். படித்துப் பார்த்து, அந்தக் கிழவியின் வரிக்குப் பக்கத்தில் உங்கள் ஊர்ப் பேச்சில் எழுதிவிட்டுப் போங்கள்.